இடுப்புப் பிடிப்புக்குக் கொடுத்த டயஸிபாம்: உடம்பில் என்ன செய்கிறது, ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது

ஆந்திர எல்லையை ஒட்டிய பள்ளிப்பட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 64 வயது, வீட்டிலேயே விசைத்தறி. போன வருடம் பாவு பீமை, அதாவது பாவு நூல் சுற்றிய கனமான உருளையை, தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. புத்தூருக்கு அழைத்துப் போய்க் கட்டுப் போட்டும் வலி விடவில்லை. நகரியில் ஒரு டாக்டர் வலி மாத்திரையோடு டயஸிபாம் 5 மில்லிகிராம் ஐந்து நாளைக்கு எழுதினார். ஐந்து நாள் முடிந்த பிறகும் அம்மா காலி அட்டையைக் கடையில் காட்டி, "நரம்பு மாத்திரை கொடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எட்டு மாதம் ஓடிவிட்டது. போன வாரம் அண்ணன் அதைத் தூக்க மாத்திரை என்று கண்டுபிடித்து மொத்தத்தையும் குப்பையில் போட்டுவிட்டார். இரண்டு நாளாக அம்மாவுக்குத் தூக்கம் இல்லை, கை நடுங்குகிறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிப் போடுகிறது. இது வலி மாத்திரையா, தூக்க மாத்திரையா, மனநோய்க்கான மாத்திரையா? நிறுத்தியது சரிதானே? அப்பா ஆந்திரா பக்கம் போய்க் கள் குடிப்பவர், அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? இவைதான் கேள்விகள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். பள்ளிப்பட்டு அரசு மருத்துவமனையோ திருத்தணியோ, எது பக்கமோ அங்கே. எட்டு மாதம் தினமும் போட்டதை ஒரே நாளில் நிறுத்திவிட்டோம் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கை நடுக்கமும் திடுக்கிடலும் மருந்து விலகும்போது வருபவை. இதற்கு மேல் போனால் வலிப்பு வரலாம், ஆள் அடையாளம் தெரியாமல் பேசலாம். அப்படி எதையாவது பார்த்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் செய்தார், அவரைத் திட்ட வேண்டாம். ஆனால் இந்த மருந்தை அப்படி நிறுத்தக் கூடாது. ஏன் என்று புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நம் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்பு செல்களை அடக்கி வைக்கிற முக்கியமான ரசாயனம் காபா. ஒரு செல் வெளியிடும் காபா அடுத்த செல்லின் மேல் இருக்கிற ஏற்பியில் போய் ஒட்டும். அந்த ஏற்பி ஐந்து புரதத் துண்டுகள் வட்டமாகக் கூடி நிற்கிற ஒரு குழாய். காபா ஒட்டியதும் நடுத்துளை திறந்து, எதிர் மின்னூட்டம் கொண்ட குளோரைடு அயனிகள் செல்லுக்குள் போகும். அப்புறம் அந்தச் செல் லேசில் தூண்டப்படாது. டயஸிபாம் காபா ஒட்டும் இடத்தில் ஒட்டுவதில்லை. ஆல்பா, காமா என்று பெயரிட்ட இரண்டு துண்டுகளுக்கு இடையில் அதற்கென்று தனி இடம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டு, காபா வரும்போது துளை இன்னும் அடிக்கடி திறக்கும்படி செய்கிறது. காபாவே இல்லாவிட்டால் டயஸிபாமால் துளையைத் திறக்க முடியாது. மூளைக்குள் இப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தது 1977-ல். மருந்து சந்தைக்கு வந்து 14 வருடம் கழித்து.

இதில் பாதுகாப்பும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த பார்பிட்யூரேட் வகைத் தூக்க மருந்துகள் துளையை நீண்ட நேரம் திறந்தே வைக்கும், அளவு கூடினால் காபா இல்லாமலேயே திறந்துவிடும். அதனால்தான் அவை அத்தனை உயிர்களை வாங்கின. டயஸிபாம் காபாவின் வேலையைக் கூட்டிக் கொடுக்கிறதே தவிர அதற்கு மேல் போவதில்லை. அதை மட்டும் அதிகம் விழுங்கியவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ஆனால் கூடவே சாராயமோ, டிரமடால், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலி மருந்தோ சேர்ந்தால் இந்தக் காப்பு போய்விடும். மூச்சு மெதுவாகி நின்றே போகலாம். இடுப்பு வலிக்கு டிரமடால் எழுதுவது இப்போது சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எந்த மாத்திரை இது? வலி மாத்திரை இல்லை, தசையைத் தளர்த்துவது. தூக்கத்துக்கும் மனசுக்கும் கொடுப்பதும் இதேதான். ஆல்பா துண்டில் பல வகை உண்டு. எலிகளில் மரபணுவை மாற்றிச் செய்த ஆய்வுகளிலிருந்து ஓரளவு பிரித்துப் பார்க்க முடிந்திருக்கிறது. ஆல்பா 1 இருக்கும் ஏற்பிகளால் தூக்கமும் மறதியும் வருகின்றன. ஆல்பா 2 பதற்றத்தைக் குறைக்கிறது. தசைத் தளர்வுக்கு ஆல்பா 2, ஆல்பா 3 காரணம். டயஸிபாமுக்கு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்டத் தெரியாது, எல்லாவற்றிலும் ஒட்டும். அதனால் இடுப்புக்கு என்று போட்டாலும் மனசும் அடங்கும், தூக்கமும் வரும், ஞாபகமும் மங்கும். அம்மா "இதைப் போட்டால்தான் நிம்மதியாக இருக்கு" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது இடுப்பிலிருந்து வந்த நிம்மதி மட்டும் இல்லை.

இதே டயஸிபாம் பதற்றத்துக்கும், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கும், வலிப்புக்கும், அறுவை சிகிச்சைக்கு முன்பும் தரப்படுகிறது. அதனால் யாராவது "உங்கம்மாவுக்கு மனநோய் மாத்திரை கொடுத்திருக்காங்க" என்று சொன்னால் மனசு கஷ்டப்பட வேண்டாம்.

தசையை அது எப்படித் தளர்த்துகிறது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். டயஸிபாம் நேராகத் தசையில் எதுவும் செய்வதில்லை. தசை இழுபடும்போது அதிலிருந்து ஒரு நரம்பு தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பும். அங்கே இருக்கும் இயக்க நரம்பு செல் தூண்டப்பட்டு, "இறுக்கு" என்று தசைக்கே திருப்பி ஆணை போகும். இந்தச் சுற்றை அடக்குவதற்குத் தண்டுவடத்திலேயே காபா இருக்கிறது. தகவல் கொண்டுவரும் நரம்பின் முனையையே அது அமுக்கிவிடும். டயஸிபாம் அந்த அமுக்கத்தைக் கூட்டுகிறது. தண்டுவடம் அடிபட்டவர்கள், மூளை வாதம் உள்ள குழந்தைகள் இவர்களுடைய கைகால் விறைப்பில் இது உண்மையிலேயே உதவும். டெட்டனஸ் வந்தால் இது உயிர் காக்கும் மருந்து. டெட்டனஸ் நச்சு, அடக்கும் நரம்புகள் காபாவையும், அதைப் போலவே அடக்குகிற கிளைசினையும் வெளியிட முடியாமல் தடுக்கிறது. அதனால்தான் தாடை பூட்டிக்கொண்டு உடம்பு வில்லாக வளைகிறது. அந்த நோயாளிக்கு டயஸிபாமைப் பெரிய பெரிய அளவுகளில் ஊசியாகக் கொடுப்பார்கள். சாதாரண ஆளை நாள் முழுக்கப் படுக்க வைக்கிற அளவு அவருக்குத் தசையை விடுவிக்க மட்டுமே போதுமானதாக இருக்கும்.

பாவு பீம் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்பு அந்த ரகம் இல்லை. அங்கே நரம்புச் சுற்று கெட்டுப் போகவில்லை. சுளுக்கிய இடத்தைக் காப்பாற்றத் தசை தானாக இறுகியிருக்கிறது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் அவசர சிகிச்சைக்கு வந்த 114 இடுப்பு வலிக்காரர்களை வைத்து ஒரு சோதனை செய்து 2017-ல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நாப்ராக்ஸன் என்கிற வலி மருந்து. அதோடு பாதிப் பேருக்கு டயஸிபாம், மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தது. மூன்று மாதம் கழித்தும் வித்தியாசம் இல்லை. ஐந்து நாளைக்கு எழுதிய டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன், வலியில் துடிப்பவர் இரண்டு ராத்திரி தூங்கினாலே பெரிய ஆறுதல். ஆனால் எட்டு மாதத்துக்கு இடுப்புச் சுளுக்கைக் காரணமாகக் காட்ட முடியாது.

தசைக்கான மருந்து மனசுக்கான மருந்தாக மாறிய கதை இன்றைக்கு நேற்று நடந்ததில்லை. 1940-களில் பிராங்க் பெர்கர் என்கிற மருந்தியலாளர் இங்கிலாந்தில் பெனிசிலினைக் கெடாமல் வைக்க ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது அவை மயங்காமல், முழித்தபடியே துவண்டு கிடந்தன, அமைதியாகவும் இருந்தன. அந்த வழியில் வந்த மெப்ரோபமேட், மில்டவுன் என்ற பெயரில் 1955-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து சக்கைப்போடு போட்டது. மற்ற கம்பெனிகள் சும்மா இருக்குமா? நியூ ஜெர்சியின் நட்லியில் ஹாஃப்மன் லா ரோஷ் ஆய்வகத்தில் லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் அதே மாதிரி ஒன்றைத் தேடினார். பலனில்லை என்று வேலையைக் கைவிட்ட பிறகு, 1957-ல் ஆய்வக மேசையை ஒழிக்கும்போது சோதிக்காமல் கிடந்த ஒரு பொருள் அகப்பட்டது. அதுதான் குளோர்டயஸிபாக்சைடு, 1960-ல் லிப்ரியம் ஆனது. அதைச் செப்பனிட்டுச் செய்த டயஸிபாம் 1963-ல் வேலியம் என்று வந்தது. அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் தொடக்கம் வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற மருந்துகளில் முதல் வரிசையில் இருந்தது. நம் ஊரில் காம்போஸ் என்றால் பெரியவர்களுக்குத் தெரியும், அதுவும் இதேதான். இத்தனை பேர் இத்தனை வருடம் சாப்பிட்ட பிறகுதான், நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்பதை மருத்துவ உலகம் வாய் திறந்து பேசியது. அந்தத் தாமதம் எனக்கு இன்றைக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அம்மா பகலில் தள்ளாடியதாகவும் தறி ஓடும்போதே கண்ணயர்ந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள், அது ஏன் என்பதற்கு இப்போது வருகிறேன். டயஸிபாம் வாய் வழியாகப் போனால் கிட்டத்தட்ட முழுவதும் ரத்தத்தில் சேரும். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய்விடும். கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் மூளைக்குள் சீக்கிரம் நுழையும். பிறகு உடம்புக் கொழுப்புக்குப் போய்த் தங்கும். ஒரே ஒரு மாத்திரை போட்டவருக்குச் சில மணி நேரத்தில் விட்டது போல் தெரிவது இதனால்தான், மருந்து வெளியேறிவிட்டதால் இல்லை. ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய இளவயதினருக்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகிறது. அதோடு முடியவில்லை. கல்லீரல் அதை உடைக்கும்போது வருகிற டெஸ்மெத்தில் டயஸிபாமும் மருந்தாகவே வேலை செய்கிறது. அது பாதியாகக் குறைய நூறு மணி நேரம் வரைகூட ஆகலாம். அதனால் தினமும் போடுகிறவருக்கு, பழைய பாக்கி அடைவதற்குள் புதுக்கடன் ஏறுவது போல், இரண்டு வாரத்துக்கும் மேலாக உடம்பில் மருந்து கூடிக்கொண்டே போகும்.

வயது ஏற ஏற இது மோசமாகும். 1975-ல் வந்த ஒரு ஆய்வில், 20 வயதுக்காரருக்கு டயஸிபாம் பாதியாகக் குறைய சுமார் 20 மணி நேரமும், 80 வயதுக்காரருக்கு 90 மணி நேரமும் ஆனதைக் கண்டார்கள். வயதை மணி நேரமாக எண்ணினால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்று இன்றும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறோம். 64 வயது அம்மாவுக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள். முதியவர்கள் ராத்திரி பாத்ரூமுக்கு எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் இந்த மருந்துக்குப் பங்கு உண்டு. தறிக்குப் பக்கத்தில் வேலை செய்கிறவருக்கு, ஓடுகிற பெல்ட்டும் நாடாவும் பக்கத்திலேயே இருக்க, கண் சொருகினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. வலி மாத்திரையால் வயிறு எரியக் கூடாது என்று காலையில் ஒரு கேஸ் மாத்திரையும் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒமிப்ரசோலாக இருந்தால் கவனிக்க வேண்டும். டயஸிபாமைக் கல்லீரலில் உடைக்கிற இரண்டு முக்கிய நொதிகளில் ஒன்றின் பெயர் சிப் 2சி19. ஒமிப்ரசோல் அந்த நொதியின் வேலையைத் தடுக்கும், அதனால் டயஸிபாம் இன்னும் மெதுவாக வெளியேறும். போதாக்குறைக்கு, ஆசியர்களில் கணிசமானவர்களுக்குப் பிறப்பிலேயே இந்த நொதி சரியாக வேலை செய்வதில்லை, அதில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. பேன்டோப்ரசோலில் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. எந்தக் கேஸ் மாத்திரை என்று அட்டையைப் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

நிறுத்தியதும் ஏன் இப்படி ஆகிறது? மாதக்கணக்கில் டயஸிபாம் காபாவுக்குக் கை கொடுத்துக்கொண்டே இருந்தால் மூளை அதற்கு ஏற்ப மாறிக்கொள்ளும். ஏற்பிகள் முன்னைப் போல இணங்காது, தூண்டுகிற பக்கமான குளூட்டமேட் வலுவாகும். மருந்து இருக்கும் வரை இது வெளியே தெரியாது. எடுத்துவிட்டால் அடக்குகிற பக்கம் பலவீனமாகவும் தூண்டுகிற பக்கம் பலமாகவும் நிற்கும். தூக்கமின்மை, நடுக்கம், படபடப்பு, வியர்வை, சத்தமும் வெளிச்சமும் தாங்காமை எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன. தசைப் பிடிப்பே திரும்பி வரும். "பார், மாத்திரை இல்லாமல் இடுப்பு மறுபடி பிடிச்சுக்கிச்சு" என்று அம்மா சொன்னால் அது பழைய சுளுக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. குப்பையில் போட்டு நான்கைந்து நாள் ஒன்றும் இல்லாமல், பிறகு ஆரம்பித்ததற்குக் காரணம் மேலே சொன்ன அந்த மூன்று நாள் கணக்கு. மருந்து மெல்ல இறங்குவதால் தொந்தரவும் தாமதித்துத்தான் வருகிறது. இதே காரணத்தால் அது வாரக்கணக்கில் நீளவும் செய்யலாம். ஆகவே "இரண்டு நாள் பொறுத்தால் சரியாகிவிடும்" என்று விட்டுவிட வேண்டாம்.

டாக்டர் பெரும்பாலும் அதே டயஸிபாமைத் திரும்பத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அண்ணனுக்கு இது கோபமாகக்கூட இருக்கும், "விஷத்தையே திரும்பக் கொடுப்பதா?" என்று. அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, போடுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகக் குறைப்பது இன்றைய வழக்கம். 2 மில்லிகிராம் மாத்திரையும் கிடைப்பதால் குறைப்பது சுலபம். ஆளைப் பார்த்து வேகத்தை டாக்டர் மாற்றுவார். சில மாதங்கள் ஆகலாம், ஆகட்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இதில் கை பழகியிருக்கும்.

கடை விஷயம். வீட்டில் ஏதாவது பழைய அட்டை மிச்சமிருந்தால் எடுத்துப் பாருங்கள். இடது மேல் மூலையில் சிவப்பில் என்ஆர்எக்ஸ் என்று இருக்கும், போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து என்பதற்கான அடையாளம் அது. பக்கத்தில் சிவப்புக் கோட்டுக் கட்டத்துக்குள் ஷெட்யூல் எச்1 எச்சரிக்கை, அதாவது கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலில் இது இருக்கிறது என்று. 2014 முதல் நடைமுறையில் இருக்கிற இந்த விதிப்படி, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த எண்ணிக்கை எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் ஆந்திராவுக்கும் ஒரே சட்டம்தான். காலி அட்டையைப் பார்த்து எட்டு மாதம் எடுத்துக் கொடுத்தது, எல்லைக்கு எந்தப் பக்கத்துக் கடையாக இருந்தாலும், தப்பு. கடைக்காரர் ஒரே ஒரு முறை "சீட்டு எங்கம்மா?" என்று கேட்டிருந்தால் இன்றைக்கு அம்மா இப்படி நடுங்கிக்கொண்டிருக்க மாட்டார்.

அப்பாவின் கள்ளுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் நம் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள். மரத்திலிருந்து இறக்கிய கள்ளாக இருந்தால் அதில் இருப்பது கொஞ்சம் ஆல்கஹால், அவ்வளவுதான். ஆனால் தெலுங்கு மாநிலங்களில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட், டயஸிபாம், அல்பிரசோலம் கலப்பது பல வருடமாகப் பிடிபட்டு வருகிற கலப்படம். 2015-ல் தெலங்கானாவில் கெடுபிடி அதிகமாகிக் கலப்படக் கள் வரத்து நின்றபோது, நிஜாமாபாத், மகபூப்நகர் பக்கம் தினமும் குடித்துப் பழகியவர்கள் பலர் நடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று ஆஸ்பத்திரிகளுக்கு வந்தார்கள். அம்மாவுக்கு இப்போது வந்திருப்பதும் அவர்களுக்கு வந்ததும் அடிப்படையில் ஒன்றே. அவர்களுக்குத் தாங்கள் என்ன மருந்து சாப்பிட்டோம் என்பதே தெரியாது. அப்பா குடிப்பதில் கலப்படம் இருக்கிறதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரு நாள் கள் கிடைக்காவிட்டால் அவருக்குக் கை நடுங்குகிறதா, தூக்கம் போகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அவரையும் திடீரென்று நிறுத்தச் சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அம்மாவின் மாத்திரை திரும்ப வீட்டுக்கு வந்ததும் அதை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். கள்ளோடு அது சேர்ந்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னேன்.

இன்றைக்குக் கிளம்பும்போது அம்மா போடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை, பிரஷர், கேஸ், வலி, எதையும் விடாதீர்கள். டயஸிபாம் ராத்திரி ஒன்று மட்டும்தான் போட்டாரா, வலி அதிகமான நாளில் காலையிலும் ஒன்று போட்டாரா என்று அம்மாவிடம் தனியாக, அண்ணன் இல்லாத நேரத்தில் கேளுங்கள். குறைக்கத் தொடங்க வேண்டிய அளவு அந்தப் பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. தூக்கத்தில் பெருத்த குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டா, கல்லீரல் தொந்தரவு ஏதும் இருந்ததா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கல்லீரல் சரியில்லை என்றால் அவர் லோரஸிபாமுக்கு மாற்றக்கூடும், அது உடைவதற்குச் சிப் நொதிகளை நம்பியிருப்பதில்லை. இடுப்புக்கு வேறு என்ன வழி என்று அதே டாக்டரிடமே கேளுங்கள், பிசியோதெரபி உண்டா என்றும் விசாரியுங்கள். பாவு பீமைத் தூக்குகிற வேலையை இனி அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்.